சென்சார் பத்திரமாக இருக்கிறது

மழை வந்த பிறகு குடையைத் தேடுகிறவரை உங்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே குடையும் கையுமாக நிற்கிறவரையும் தெரியும். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. நனைந்தால் குடை வீணாகிவிடுமே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி வீடு வந்து சேர்கிறவர். வருமுன் காப்பவர் என்று இவருக்குப் பெயர். அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டவரும் இவரேதான்.

இந்த இனத்தில் தேர்ந்த மாதிரி ஒன்றைப் பார்க்க நான் அலைய வேண்டியதில்லை. சவரம் செய்யும்போதெல்லாம் எதிரே நிற்கிறது.

வருமுன் காப்பவர்களில் உட்பிரிவுகள் பல. நான் காப்பது, காடுமேடு ஏறுகிற என் வண்டியின் லாக்கர் சென்சாரை. பயப்படாதீர்கள், விளக்கிவிடுகிறேன். சேற்றில் மாட்டிய வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரங்களில் ஒன்று பேய் பிடித்ததுபோல் சுற்றும். மற்றது எனக்கென்ன என்று நிற்கும். அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்துகிற எந்தக் கடையிலும் காணக்கூடிய காட்சிதான். இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, “சேர்ந்து இழுங்கடா” என்று அதட்டுவதற்குப் பின் அச்சின் நடுவே ஓர் ஏற்பாடு உண்டு. அதுதான் டிஃபரன்ஷியல் லாக்கர். பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்த்து வண்டியின் மூளைக்குச் சேதி சொல்வது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சென்சார். அது “விழுந்தது” என்றால் ஸ்டியரிங்குக்கு எதிரே உள்ள சின்ன விளக்கு நிலையாக எரியும். அது வாயைத் திறக்காவிட்டால் விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும், மூளை நம்பாமல் பூட்டை விட்டுவிடும்.

இத்தனை பெரிய பொறுப்பை இத்தனூண்டு பொருளிடம் கொடுத்து, அதையும் வண்டியின் அடிவயிற்றில், தண்ணீரும் சேறும் கல்லும் முள்ளும் முதலில் வந்து மோதுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

வண்டி வாங்கியது என் மனைவிக்காக. அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன். அவள் மாட்டு டாக்டர். “மழைக்காலத்துல உன் ஸ்கூட்டர் அந்தப் பண்ணைப் பாதையிலெல்லாம் போகுமா? யோசிச்சுப் பாரு” என்றேன். யோசித்தாள், சரி என்றாள். வண்டி வந்தது. அவள் ஸ்கூட்டரிலேயே போய்க்கொண்டிருந்தாள். வண்டி எப்போது கேட்டாலும் என் பராமரிப்பில் இருந்ததுதான் காரணம்.

விடுமுறை நாள் என்றால் வண்டிக்கு அடியில் பாய் விரித்துவிடுவேன். வெளியே என் பாதங்கள் மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பல காலமாக அவற்றோடுதான் பேசிவருகிறார்.

“என்ன சார், வண்டி ரிப்பேரா?”

“இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“நல்லா இருக்கே. அதான் பயமா இருக்கு.”

இந்த வாசகத்தைக் கேட்டால் உஷாராகுங்கள். எங்கள் இனத்தின் கூவல் அது.

பாயில் படுத்து என்ன செய்தேன் என்கிறீர்களா? சென்சாரின் வயர் இணைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசிகளைத் துடைத்து, தண்ணீர் புகாமலிருக்க அதற்கென்றே விற்கும் கிரீஸைத் தடவி மாட்டி, வயர் தொங்கிப் புதரில் சிக்கக் கூடாதென்று அச்சோடு சேர்த்துக் கட்டி, கட்டியது இறுக்கமோ என்று அறுத்துத் தளர்த்திக் கட்டி, தளர்ந்தால் தொங்குமே என்று மறுபடி இறுக்கி, ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி வயருக்குச் சட்டை போட்டு, கல்லடி படாமலிருக்க ஓர் எவர்சில்வர் தட்டை வளைத்துக் கவசம் அடித்தேன். அந்தத் தட்டை வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை எல்லாமே சரி. விவரமுள்ள எவரும் செய்வதுதான். அங்கே நிறுத்திக்கொண்டால் அவர் சாதாரண மனிதர். நாங்கள் நிறுத்துவோமா?

கழற்றிக் கழற்றி மாட்டியதில் இணைப்பின் கொக்கி தேய்ந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் பிறந்தது. மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னைக் கண்டதும் வேறு வண்டிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். அவருடைய பாதங்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினேன். வழியில் வானம் கறுத்தது. மழைக்காலம் தொடங்கப் போகிறது. சேறு வரும். சேறு சென்சாருக்கு ஆகாது. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது: கெடுகிற இடத்தில் இருந்தால்தானே கெடும்?

சென்சாரைக் கழற்றினேன். எண்ணெய் ஒழுகாமல் அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்தேன். சென்சாரைத் துடைத்து, பஞ்சில் பொதிந்து, புதுச் செருப்புப் பெட்டியில் கிடந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் துணைக்கு வைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பீரோவில் மனைவியின் சர்டிபிகேட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எத்தனையோ நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் மனைவியின் போன் அடித்தது. பால் பண்ணைக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

“டாக்டரம்மா, கன்னுக்குட்டியோட கால் ஒண்ணுதான் வெளிய வந்திருக்கு, தலையக் காணோம்! தாய் முக்கி முக்கி ஓஞ்சு போச்சு. சீக்கிரம் வாங்கம்மா!”

பையை எடுத்துக்கொண்டே, “வண்டிய எடுங்க” என்றாள்.

“பாதையெல்லாம் சேறா இருக்குமே…”

“சேறு இல்லாத இடத்துக்கு என் ஸ்கூட்டரே போகும்.”

எடுத்தேன். பண்ணையின் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி புதைந்தது. ஒரு சக்கரம் வானத்துக்குச் சேற்றை வாரி இறைத்தது. மற்றது மௌன விரதம்.

“அந்த பட்டன அழுத்துங்க. அதுக்குத்தானே இத வாங்கினோம்?”

அழுத்தினேன். விளக்கு கண்ணடித்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கண்ணடித்தது.

“ஏன் இப்படி மினுக்குது?”

“சென்சார் பதில் சொல்லல.”

“கெட்டுப்போச்சா?”

“சேச்சே!” என் குரலில் பெருமைகூட எட்டிப்பார்த்தது. “அது கெடவே கெடாது. பீரோவுல இருக்கு.”

“எந்த பீரோவுல?”

“நம்ம பீரோவுல. உன் சர்டிபிகேட் பக்கத்துல.”

என்னைப் பார்த்தாள். படுத்துவிட்ட மாட்டை அவள் அப்படிப் பார்ப்பதுண்டு, மருந்து கொடுத்துப் பிரயோஜனம் உண்டா என்று. பிறகு கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

“இதையும் பத்திரமா வச்சுக்குங்க.”

பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் இறங்கி நடந்தாள். ஓரிடத்தில் கால் இடுப்பு வரை போயிற்று. பை மட்டும் சாயவில்லை. நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் செருப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. அதன் கண்ணுக்காவது நான் வேடிக்கையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் பண்ணைக்காரர். பக்கத்தில் தோள் வரை ஈரத்தோடு என் மனைவி.

“கைய விட்டு, மடங்கின கால நிமித்தி, தலையத் திருப்பி எடுத்துட்டாங்க சார். கிடேரிக் கன்னு! இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ரெண்டும் போயிருக்கும்” என்றவர், கயிறு கட்டக் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். “என்ன சார், அடியில சேறு படாத இடமெல்லாம் இப்படிப் பளபளன்னு இருக்கு! புது வண்டியா?”

அந்த நிலையிலும் எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

அன்று மாலையே சென்சாரைத் திரும்ப மாட்டினேன். பாய்க்குப் பக்கத்தில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது வண்டிச் சாவி அவளிடம். பண்ணை பண்ணையாகப் போய் வருகிறாள்; அடியில் அப்பிய சேற்றில் சென்சார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்றுவரை கெடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நான் ஸ்கூட்டரில் போகிறேன். அதன் கண்ணாடிகள் வழியில் இடிபடுமே என்று கழற்றி வைத்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அட்டையின் முதுகு உடைந்துவிடும் என்று இந்தப் புத்தகத்தை முழுசாகத் திறக்காமல், பாதி விரித்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துப் படிக்கிறீர்களே, நீங்கள் யாராம்? நம்ம ஆள்தான். மடியை மட்டும் காலியாக வைத்திருங்கள். உங்களை நம்பி யாராவது ஒருநாள் செருப்பைக் கழற்றிக் கொடுப்பார்கள்.