என் காதும் நலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், என் காதும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

காதுக்கருவி வேண்டாம் என்று நான் சொன்னதற்குப் போனில் நீ நிறையப் பேசினாய். அதில் 'அப்சர்ட்' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. பெற்ற அப்பனை அபத்தம் என்றது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். லத்தீனில் முதலில் அது சுருதி சேராத ஓசையைக் குறித்ததாம், நாம் அபஸ்வரம் என்கிறோமே, அது. ஆயுசு முழுக்கப் பியானோவுக்குச் சுருதி கூட்டியவனிடமா இதைச் சொல்வது? இன்னும் கீழே படித்தால், அந்தச் சொல்லுக்குள்ளேயே 'செவிடு' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறாய்.

வாசல் மணி விஷயத்தை அம்மா உன்னிடம் வத்தி வைத்திருப்பாள். மணி அடிக்கவில்லை, மாற்றினேன். புதியதும் அடிக்கவில்லை, அதையும் மாற்றினேன். அடுத்ததைப் பொருத்தி அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யாருங்க அது, இப்படி விடாம அடிக்கிறாங்க?" என்றாள். நான் மெதுவாக விரலை எடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடப் பியானோ வேறு கதை. ட்யூனிங் போர்க்கைத் தட்டிப் பல்லில் கடித்துக்கொண்டால் மண்டைக்குள் கணீரென்று கேட்கிறது. காது கெட்டவனுக்குக் கேட்குமா? அந்தத் தைரியத்தில் மேல் கட்டைகளின் கம்பிகளை எல்லாம் முறுக்கிவிட்டேன். பிள்ளைகள் பாட ஆரம்பித்ததும் பாட்டு டீச்சர் வந்து, "ஐயா, மேல் கட்டையெல்லாம் கீச்சுகீச்சுன்னு கத்துது. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். நல்லவேளை, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அன்றிலிருந்து அபஸ்வரம் என்ற அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேல் கட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள். ஒற்றைக் கம்பி தனியாக இருக்கும்வரை அபஸ்வரம் கிடையாது, பக்கத்துக் கம்பிகளோடு சேராதபோதுதான் வரும். நம் வீட்டிலும் நான், அம்மா, நீ என்று மூன்று பேர். பிசகியது நான்தான் என்று எப்படிச் சொல்வாய்? நீங்கள் இருவரும் கொஞ்சம் உரக்கப் பேசினால் தீர்ந்தது. ஆகவே கருவி வேண்டாம். இதுவே என் முடிவு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் சுருதி பிசகாமல் நீடூழி வாழ ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அன்று போனை வைக்கும்போது நீ சிரித்தாயா, அழுதாயா? எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "அதை நீங்கதான் கேட்டிருக்கணும்" என்கிறாள். காது டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கிவிடு.