பாட்டிலில் பழுத்த கறி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புரோத்ராபூர் அழகர்சாமி அடுப்பைத் துறந்தார். ஐம்பத்து மூன்று வயது. அந்தத் தீவின் துறைமுக அலுவலகத்தில் ஹெட் கிளார்க். சட்டை போடாத ஒருவர் பச்சை இறைச்சியைக் கடித்தபடி பேசும் வீடியோக்களை ஒரு மாதமாகப் பார்த்ததன் விளைவு. சமைக்காத கறிதான் இயற்கை, அதையும் பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் பழுக்கவைத்தால் அமிர்தம், சிங்கம் என்ன குக்கரா வைத்திருக்கிறது என்று மனைவி நீலாவதியிடம் கேட்டார்.

நீலாவதி சுகாதார நிலையத்தில் நர்ஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறவள். வேகாத கறியில் பூச்சி முட்டை இருக்கும், கெட்டுப்போன கறி ஆளையே சாய்த்துவிடும் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சிங்கம் சாயவில்லையே என்றார் அவர். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். தான் ஜெயித்துவிட்டதாக அழகர்சாமி நினைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஜெயித்துப் பழக்கமில்லாததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றே அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினார். விஷயத்தைக் கேட்ட வங்காளிக் கடைக்காரர் "கச்சா காயேகா?", பச்சையாகவா தின்னப் போகிறீர்கள் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து, கறியைத் துண்டு போட்டு ஊறுகாய் பாட்டிலில் அடைத்தார். தினமும் மூடியைத் திறந்து காற்றுக் காட்ட வேண்டும்.

"நீங்க ஆபீஸ் போயிருவீங்க. அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள் நீலாவதி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டில் நாறவே இல்லை. மூடியோரம் மூக்கை வைத்தால் லேசான புளிப்பு வாசம், அவ்வளவுதான். பதினைந்தாம் நாள், பக்கத்து வீட்டு முத்துகிருஷ்ணனைச் சாட்சிக்கு உட்காரவைத்து முதல் துண்டை வாயில் போட்டார். நார் நாராக, புளிப்பும் இனிப்புமாக இறங்கியது. சிவந்த சாறு முழங்கை வரை வழிந்தது. முத்துகிருஷ்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். குமட்டுகிறது போல, பாவம் பலவீனமான மனுஷன் என்று அழகர்சாமி இரக்கப்பட்டார்.

மறுநாளிலிருந்து அவர் வேறு ஆள். தண்ணீர் டிரம்மைத் தனியாகத் தூக்கினார். அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். சக ஊழியர் சுதாகரின் தோளைப் பிசைந்து, உடம்பில் சத்தே இல்லையே என்று வருத்தப்பட்டார். ரகசியத்தைக் கேட்ட சுதாகர் தனக்கும் ஒரு பாட்டில் வேண்டுமென்றார். ஹெட் கிளார்க் வாக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் கம்பீரமாக உத்தரவிட்டார். சுதாகருக்கு ஒரு பாட்டில் தயார் பண்ணு, கறி நான் வாங்கி வருகிறேன் என்றார்.

"கறி எதுக்கு? ஒரு பலாப்பிஞ்சு, ரெண்டு பீட்ரூட், கொஞ்சம் வினிகர் போதும்."

அழகர்சாமிக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

"அப்ப நான் சாப்பிட்டது?"

"நல்லா அவிச்ச காய்கறி. அதுலயும் கறி இருக்குல்ல?"

"நான் வாங்கின ஆட்டுக்கறி?"

"அன்னிக்கு நீங்க குளிக்கப் போனதுமே எடுத்துட்டேன். முத்துகிருஷ்ணன் அண்ணன் வீட்ல வேகவெச்சு, சுக்கா வறுத்து, எல்லாருமாச் சாப்பிட்டோம்."

கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் டிரம்மைத் தூக்கியது நிஜம். படி தாவியதும் நிஜம். பலாப்பிஞ்சுக்கு இவ்வளவு சத்தா என்று நீலாவதியும் அதிசயப்பட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுக்கா எப்படி இருந்தது என்று மெல்ல விசாரித்தார். முத்துகிருஷ்ணன் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாராம்.

அந்த நேரம் பார்த்து சுதாகர் போன் செய்தார். அலுவலகத்தில் இன்னும் ஐந்து பேர் கேட்கிறார்களாம். உண்மையைச் சொன்னால் மானம் போகும். உண்மையான கறியைக் கொடுத்தால் ஆறு பேரும் போய்விடுவார்கள். அழகர்சாமி எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, சமையலறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

நீலாவதி அவர் முன்னால் கத்தியையும் கூடையையும் வைத்தாள்.

"தோலை மெல்லிசாச் சீவுங்க. பீட்ரூட் கப்பல்ல வருது."