ஏழும் ஓம், எட்டும் ஓம்

யாழ்ப்பாணத்தில் கேட்ட கேள்விக்கு நேராக ஓம் அல்லது இல்லை என்று பதில் சொன்ன மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்ற நாங்கள் எல்லோரும் ‘பாப்பம்’ என்போம். கலியாணத்துக்கு வாறீரோ என்றாலும் பாப்பம், கிணற்றுக்குள் விழுந்தவனைத் தூக்குவோமோ என்றாலும் பாப்பம். அந்த ஒருவரை ஓமில்லையர் என்று அழைத்தோம். சொந்தப் பெயரை எழுதினால் அவருக்குக் கடிதம்கூடப் போய்ச் சேராது.

எண்பதுகளின் கடைசியில் சங்கானைச் சந்தியில், ஒரு சைக்கிள் ரயர் கடையின் மேல்மாடியில், கொம்பியூட்டர் வகுப்பு ஒன்று நடந்தது. அவரும் நானும் அங்கே படிப்பித்தோம். இருந்தவை இரண்டு கொம்பியூட்டர்கள். பழையதற்குக் கிழவர் என்று பெயர். புதியதற்கு மாப்பிள்ளை என்று பெயர். விசிறி போடாவிட்டால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

வகுப்பை நடத்திய முதலாளி ஒருநாள் மனைவியோடு மாடியேறி வந்து, மகளின் கலியாணத்துக்கு எங்களை அழைத்தார்.

“கட்டாயம் வரவேணும், என்ன?”

“இல்லை” என்றார் ஓமில்லையர்.

“ஏன், அண்டைக்கு வேறை அலுவலோ?”

“அலுவல் ஒண்டுமில்லை. சனம் கூடின இடத்திலை எனக்குச் சாப்பாடு இறங்காது.”

முதலாளியின் மனைவி கையிலிருந்த குங்குமச் சிமிழை மூடிவிட்டார். கலியாணம் முடிந்து பலகாரம் வந்தபோது, எடுக்கிறீங்களோ என்று ஓமில்லையரைக் கேட்டார்கள். ஓம் என்றார். பெட்டியோடு எடுத்தார்.

பின்னேரத் தேத்தண்ணிக்கும் அவரிடம் எனக்கு விசாரணை நடக்கும்.

“தேத்தண்ணி குடிக்கிறீரோ?”

“பாப்பம் அண்ணை.”

“வேண்டாமோ?”

“வேண்டாமெண்டில்லை.”

“அப்ப ஓம்” என்று கீழே பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் குரல் கொடுப்பார். ஒருவனை இரண்டு தரம் இல்லை என்று சொல்ல வைத்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை.

இந்தக் கொள்கை, நாங்கள் படிப்பித்த சி என்ற புரோகிராம் மொழியிலிருந்து வந்தது. அந்தக் காலத்துச் சி மொழியில் ஓம், இல்லை என்ற இரண்டை மட்டும் வைத்திருக்கத் தனி வகை கிடையாது. வெறும் எண்தான். பூச்சியம் என்றால் இல்லை. பூச்சியம் அல்லாத எதுவும் ஓம். ஆகையால் ஆளுக்கொரு ஓம் வைத்திருந்தோம். ஒருவர் ஒன்று என்று எழுதுவார், இன்னொருவர் மைனஸ் ஒன்று என்று எழுதுவார். போதாததற்கு, நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கொம்பைலர் கிழவரில் ஒன்று, மாப்பிள்ளையில் வேறொன்று. புதிதாக ஒரு வகைக்குப் பெயர் சூட்ட மாப்பிள்ளை விடும். கிழவருக்கு அந்தப் பேச்சே விளங்காது, வரிக்கு வரி பிழை என்று கத்தும்.

ஓமில்லையர் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்னக் கோப்பு எழுதினார். கிழவர் என்றால் அந்த வகை சாதாரண எண்ணாகிவிடும், மாப்பிள்ளை என்றால் சரியான வகையாகும். எந்த எண் வந்தாலும் அதை இரண்டு தரம் இல்லையாக்கி, சுத்தமான ஒன்றாகவோ பூச்சியமாகவோ ஆக்கிவிடும். ஐந்தை ஒருதரம் இல்லையாக்கினால் பூச்சியம், அதை மறுபடி இல்லையாக்கினால் ஒன்று. எல்லாப் புரோகிராமின் தலையிலும் அந்தக் கோப்பு இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மாணவர்கள் பிள்ளையார் சுழிபோல அதை முதலில் எழுதினார்கள். நான் எழுதவில்லை. கொழும்பில் பட்டம் எடுத்து வந்தவன், எனக்கு என்னத்துக்கு உது என்று நினைத்தேன்.

இந்த நேரத்தில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கொம்பியூட்டரில் சாதகப் பொருத்தம் பார்த்தால் சனம் வரும். புரோகிராமை நான் எழுதினேன். செவ்வாய்க் குற்றம் இல்லாவிட்டால் பூச்சியம். இருந்தால், செவ்வாய் நிற்கிற வீட்டின் எண்ணையே போட்டு வைத்தேன். ஆணின் எண்ணும் பெண்ணின் எண்ணும் சமமாக இருந்தால் பொருத்தம். என் அக்காவின் சாதகத்தையும் அத்தானின் சாதகத்தையும் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் குற்றம் இல்லை. பொருத்தம் என்று வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

“என்ரை கோப்பைப் போட்டனீரோ?” என்று ஓமில்லையர் கேட்டார்.

“அது தேவைப்படேல்லை அண்ணை.”

“போட்டனீரோ, இல்லையோ?”

“இல்லை.”

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓமில்லையருக்கு நாற்பது வயது. கலியாணம் ஆகவில்லை. சாதகத்தில் எட்டில் செவ்வாய். சனிக்கிழமை வகுப்புக்குப் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு ரீச்சர் வருவார். அவருக்கு ஏழில் செவ்வாய். உங்களுக்கு விருப்பமோ என்று ரீச்சர்தான் கேட்டாராம். பதில் ஓம் என்று வந்ததாம். அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. கிழவரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பிழை திருத்தினார்கள். இரண்டு பேருக்கும் செவ்வாய் என்றால் ஒன்றுக்கொன்று சரி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ரீச்சரின் தகப்பனாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வழமையாகச் சாதகம் காட்டும் சாத்திரியார் வன்னிக்குப் போயிருந்தார். கொம்பியூட்டரிலும் ஒருக்கால் பார்ப்போம் என்று இருவரின் சாதகங்களோடும் அவர் மாடியேறினார். அன்று ஓமில்லையர் வரவில்லை. நான் பதிந்தேன். பொருத்தமில்லை என்று அச்சடித்து வந்தது.

“ரண்டு பேருக்கும் செவ்வாய் எண்டால் பொருத்தம் எண்டெல்லோ சொல்லுறவை, தம்பி?”

அந்த இடத்தில் நான் என் புரோகிராமைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும்.

“சாத்திரியார்மார் மேலோட்டமாப் பாப்பினம், ஐயா. இது நுணுக்கமாப் பாக்கும்” என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஓமில்லையர் என் புரோகிராமைத் திறந்தார். பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை.

“ஏழும் ஓம். எட்டும் ஓம். ரண்டு ஓமையும் ஏன் தம்பி சண்டை பிடிக்க விட்டனீர்?”

தன் கோப்பைப் புரோகிராமின் தலையில் போட்டு, இரண்டு எண்ணையும் அதற்குள்ளால் விட்டு, மறுபடி ஓட்டினார். பொருத்தம் என்று வந்தது. கிழவரிலும் வந்தது, மாப்பிள்ளையிலும் வந்தது.

“நான் போய்ச் சொன்னால், என்ரை வசதிக்கு மெசினைத் திருத்தினதெண்டு நினைப்பினம். நீர்தான் சொல்லவேணும். போய்ச் சொல்லுறீரோ?”

“பாப்பம் அண்ணை” என்றேன்.

அன்றைக்கு மட்டும் அவர் என்னைத் திரும்பக் கேட்கவில்லை.

நான் போகவில்லை. சைக்கிளில் போனால் அரை மணித்தியாலத் தூரம். ஒருநாள் ஊரடங்கு என்றேன், ஒருநாள் மழை என்றேன். உண்மையில், கொம்பியூட்டர் பிழை விட்டது என்று அந்தப் பெரியவருக்குச் சொல்லலாம், நான் பிழை விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரீச்சர் வகுப்புக்கு வருவது நின்றது. அந்த ஆவணிக்குள் அவருக்குக் கொழும்பில் வேறிடத்தில் கலியாணம் முற்றாக்கினார்கள். ஓமில்லையர் வழமைபோல வந்தார், படிப்பித்தார், எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.

பிறகு சண்டை மூண்டு மின்சாரம் ஒரேயடியாக நின்றது. கிழவரும் மாப்பிள்ளையும் சாக்குப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு, தரைப்பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலேரியில் வள்ளம் ஏறப் புறப்பட்ட அன்று, ஓமில்லையர் என் பையைத் தன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கரைவரை வந்தார். வள்ளக்காரன் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

“அண்ணை, என்னிலை கோவமோ?”

ஓம் என்றால் நான் அந்தப் பாரத்தோடு கடல் கடக்க வேண்டும். இல்லை என்றால் அது பொய். அவர் பையை அவிழ்த்து என் கையில் தந்தார்.

“பாப்பம், தம்பி” என்றார்.