சாம்பல் தலைப்பாகைக்கு ஒரு வேடம்

மந்தாரபுரி என்றொரு நாடு. அங்கே மழை தவறினாலும் சினிமா தவறாது. உப்பளத் தொழிலாளிகள் வாழும் உவர்த்தெருவில் பிறந்த நடிகர் கருவாயன், ஒரு சிரிப்புப் படத்தில் திருடனாக வந்தார். திருடன் அரண்மனைச் சமையற்கட்டில் புகுந்து, அரசரின் அல்வாவை அண்டாவோடு தூக்கிக்கொண்டு ஓடினான். நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. அவன் எந்தத் தெருக்காரன் என்று படத்தில் சொல்லவில்லை. அதனால் எல்லாத் தெருவும் "நம்ம பய" என்று கொண்டாடியது.

இரண்டாம் பாகம் என்று அறிவித்ததும் வந்தது வினை. அரசர் 'சமநோக்கு மன்றம்' ஒன்றை அமைத்தார். படத்தில் வரும் ஒவ்வொருவரும் தம் தெருவுக்குரிய நிறத்தில் தலைப்பாகை கட்டியிருக்க வேண்டும், எந்தத் தெருவும் விடுபடக் கூடாது என்பது முதல் ஆணை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நீதிபதி வேடத்துக்கு நான்கு தெருக்கள் அடித்துக்கொண்டன. திருடன் வேடத்தை எவரும் தொடவில்லை. "ஊதாத் தலைப்பாகை கட்டின திருடனா? தியேட்டர் இருக்காது, பாத்துக்குங்க!" என்றார் ஊதாத் தெரு உறுப்பினர். மற்றவர்களும் மேசையைத் தட்டினார்கள். மன்றத்தில் தட்ட ஆளில்லாத தெரு ஒன்றே ஒன்றுதான். சாம்பல் தலைப்பாகை கட்டும் உவர்த்தெரு.

மன்றத் தலைவர் பூவராக பூபதி தொண்டையைச் செருமினார். "உவர்த்தெருவுக்குப் படத்துல இடமே கிடையாதுன்னு நெடுநாள் குறை. இப்போ கதாநாயகன் இடத்தையே தூக்கிக் கொடுக்கிறோம். எல்லாரும் கைதட்டுங்க."

"ஐயா, அப்படியே மன்றத்துலயும் ஒரு இடம் குடுத்தீங்கன்னா..." என்று வாசலோரம் நின்ற கருவாயன் இழுத்தார்.

"பேராசை கூடாதுய்யா."

படம் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது இரண்டாம் ஆணை. அரண்மனையில் திருடினால் அரசருக்கு எதிர்ப்பு. கடைவீதியில் திருடினால் வணிகருக்கு எதிர்ப்பு. ஆகவே திருடன் உவர்த்தெருவின் ரேஷன் கிடங்கிலேயே அரிசி திருடினான். அந்த மூட்டைகள் கிடங்கு அமைச்சர் வீட்டில் போய் இறங்குவதாகக் கடைசிக் காட்சி இருந்தது. சாய்வு அதிகம் என்று அதை வெட்டினார்கள். கருவாயன் வாய் திறக்கவில்லை. உப்பளம் மூடிக் கிடந்த நேரம், தெருக்காரர் முப்பது பேருக்குப் படத்தில் வேலை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சாம்பல் தலைப்பாகையைக் கண்டால் சந்தையில் ஜனம் பையை இறுக்கிப் பிடித்தது. தியேட்டர்காரர்களோ உள்ளேயே விடவில்லை. இரண்டு மாதத்தில் உவர்த்தெருக் கிடங்கு நிஜமாகவே காலியானது. அங்கே மூட்டை தூக்கும் கூலியாளான மருதனைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். மருதன், கருவாயனின் உடன்பிறந்த தம்பி.

வழக்குமன்றத்தில் சாட்சியாக அந்தப் படத்தையே ஓட்டினார்கள். நீதிபதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, அது நடிப்புங்க! என் தம்பி ஒரு பிடி அரிசி தொடமாட்டான்!" என்று கதறினார் கருவாயன்.

"இயல்பான நடிப்புன்னு அரசரே உமக்கு விருது குடுத்திருக்காரே. இல்லாததையா நடிச்சீர்?"

தீர்ப்பு, ஏழு ஆண்டு. சிறையில் உவர்த்தெருவுக்குத்தான் அதிக இடம், பிரதிநிதித்துவம் போதவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது என்று பூபதி அறிக்கை விட்டார்.

வண்டியில் ஏற்றும்போது மருதன் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, இன்னிக்குத்தான் உன் படத்தைப் பாத்தேன். அந்த மூட்டையெல்லாம் கடைசில யாரு வீட்டுக்குண்ணே போவுது? அதைக் காட்டவே இல்லையே?"

"இருந்துச்சுடா மருதா. வெட்டுனாங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."