அக்கா கிணற்றில் நான் கண்டுபிடித்த ஊற்று

எனக்குப் பகல் கனவு வியாதி உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், இறங்க வேண்டிய ஊர் தாண்டிப் போய்விடும். இப்படிப்பட்டவளிடம், பூமிக்கடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று வரைந்து காட்டும் மென்பொருளை யாராவது கொடுப்பார்களா? (கொடுத்தார்கள்.)

அப்போது சேலத்தில் எம்.இ. கடைசி வருஷம். வீடு அஸ்தம்பட்டி. ஏதாவது ஒரு ஊரின் நிலத்தடி நீரோட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும், அதுதான் புராஜெக்ட். ராசிபுரத்துக்குக் கிழக்கே என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்த ஊரையே எடுத்துக்கொண்டேன். (சாப்பாட்டுக்கும் ஆச்சு.) அங்கே அக்கா ஆசையாக வைத்த பாக்குத் தோப்பு இருந்தது. நாலு வருஷத்து மரங்கள், அடுத்த வருஷம் பாளை விட வேண்டியவை, மட்டை வெளுத்து நின்றன. இருந்த போர்வெல் தண்ணீர் பத்தவில்லை. புதிதாக ஒன்று போட வேண்டும். அது தவறினால் இன்னொன்று போடக் காசுக்கு வழியில்லை. எங்கே போடுவது என்று அக்காவும் மாமாவும் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

டேப்பு முனையில் கல்லைக் கட்டி ஊர்க் கிணறுகளையெல்லாம் அளந்தேன். எல்லாம் பாதாளம். அக்கா கிணற்றில் மட்டும் இருபதடியில் தண்ணீர்! பச்சையாக, அசையாமல், ஒரு துண்டு மேகத்தை ஏந்திக்கொண்டு கிடந்தது. படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, மாமா வந்து சோத்துக்குக் கூப்பிட்டார்.

ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அளவுகளைப் போட்டு, மென்பொருளை ஓட்டினேன். எல்லாக் கிணறும் ஒத்துவந்தது. அக்கா கிணற்றில் மட்டும் அவ்வளவு தண்ணீர் இருக்க வாய்ப்பே இல்லை என்று அது அடம்பிடித்தது. அறிவுள்ளவர்கள் கிணற்றைச் சந்தேகப்படுவார்கள். நான் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன். அந்தக் கட்டத்துக்கு அடியில் ஒரு ஊற்று இருப்பதாக, மவுஸை இரண்டு தட்டுத் தட்டி நானே சேர்த்துவிட்டேன்.

அடேயப்பா! திரை முழுக்க நீலம். அக்கா கிணற்றிலிருந்து அம்புக்குறிகள் நாலா பக்கமும் விரிந்து மெல்ல மெல்ல நகர்ந்தன. அந்த ஒரு வாரம் நான் மண்ணுக்கு மேலேயே இல்லை. அஸ்தம்பட்டி ரோட்டில் நடக்கும்போது காலுக்கடியில் ஆறு ஓடும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர்காரர் ஒருவர் திட்டியதுகூடத் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல இதமாகத்தான் இருந்தது. ஊற்றை உண்டாக்கியவளே நான்தான் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

லேப்டாப்பைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன்.

“இத்தன தண்ணியா சாமி நம்ம ஊட்டுக்கடியில?” அக்கா திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஆமாக்கா. கெணத்துக்குப் பக்கத்துலயே போட்டரலாம்.”

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை மாமா வரச்சொல்லியிருந்தார். உடனே போன் போட்டு, “வேண்டாங்க, எங்க கொழுந்தியா கம்ப்யூட்டர்லயே பாத்துட்டாளுங்க,” என்றார். குரலில் அத்தனை பெருமை.

போர் போடும் ரிக் வண்டி வந்தது. கற்பூரம் காட்டி ஆரம்பித்தார்கள். முந்நூறடியில் புகை. ஐந்நூறடியிலும் புகை. கல்மாவு பறந்து எல்லோர் தலையும் நரைத்துவிட்டது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழியையே பார்த்து நின்றாள். ஆயிரமடியில் ரிக் வண்டிக்காரர் நிறுத்திவிட்டார்.

“ஈரமே இல்லீங்க,” என்றவர், கையைத் துடைத்துக்கொண்டே கிணற்றை எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, இது ஏது தண்ணிங்க?”

“பழைய போர்த் தண்ணிங்க,” என்றார் மாமா. “நூலாட்டம் வருது, நேரா உட்டாப் பாயாது. கெணத்துல உட்டுச் சேத்தி வெச்சு, அப்பறம் மோட்டார் போட்டுப் பாய்ச்சறமுங்க.”

(நான் அளந்தது கரண்டு இல்லாத மத்தியானம். போர்க் குழாயின் வாய் கோவைக்கொடிக்குள் மறைந்து கிடந்தது.)

“மாமா! எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“இதையெல்லாமா சாமி சொல்லுவாங்க? ஊருக்கே தெரிஞ்சதாச்சே! நீ அளந்த, எழுதுன, போய்ட்ட. ஒரு வார்த்த கேக்கலியே?”

அந்தப் போருக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது. (ஆறரை அங்குலக் குழி. அதற்கும் வழியில்லை.) அக்கா என்னைத் திட்டவில்லை. தலையில் மாவோடு உள்ளே போய் ரிக் ஆட்களுக்கு டீ வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டே அந்த ஊற்றை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை ஊருக்குப் போய், அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: “இருக்கற தண்ணி பாதி மரத்துக்குத்தான் பத்தும்க்கா. அத்தனைக்கும் உட்டா அத்தனையும் போயிரும்.”

“நெசமாத்தான் சொல்றயா? இதுவும் கனாவா?”

“நெசம்க்கா.”

என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் நம்பினாள். பாதி மரங்களுக்கு அவளே துணி கட்டி அடையாளம் வைத்தாள். மற்றவற்றுக்குத் தண்ணீரை நிறுத்தினாள். துணி கட்டிய மரங்கள் அடுத்த வருஷம் பாளை விட்டன.

என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: “பொண்ணு என்ன வேலைங்க பாக்குது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “பூமிக்கடியில தண்ணி கண்டுபுடிக்கற வேலைங்க. நாம ஊத்தி வெச்சாப் போதும், டக்குனு கண்டுபுடிச்சுருவா.”

மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் வீட்டில் யாராவது டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “கண்டுபுடிச்சிட்டயா?” என்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். காய்ந்துபோய் வெட்டிப்போட்ட அந்தப் பாதித் தோப்பைப் பற்றி மட்டும் அக்கா இதுவரை ஒரு ஜோக்கும் அடித்ததில்லை.