குதிரைவாலி எத்தனை மூட்டை?

பரளச்சி சமுதாயக்கூடத்தில் காலை பத்தரை மணிக்கு ஆஜரானவர்கள் நால்வர். மின்விசிறிக்கு நேர் கீழே மாரிச்சாமி. விசிறி சுற்றவில்லை என்றாலும் அவர் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சுவரோர பெஞ்சில் வெள்ளத்துரை. கதவருகே, வாசலில் கட்டிய ஆட்டின் மேல் ஒரு கண் வைத்தபடி ஒச்சம்மாள். இந்த மூவரும் மானாவாரி விவசாயிகள். கால் ஆடும் பிளாஸ்டிக் மேசைக்குப் பின்னால் சுகந்தி, வேளாண் விஞ்ஞானி, வயது இருபத்தேழு.

விவசாயம், உணவு பற்றி அரசுக்கு யோசனை சொல்ல இளம் விஞ்ஞானிகளைப் பழக்கும் ஓராண்டுப் பயிற்சியில் இருந்தாள் சுகந்தி. அன்றைய பாடம், துறைச் செயலாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு கடிதம். ரேஷன் கடைகளுக்கு எந்தெந்த ஊரில் குதிரைவாலி கொள்முதல் செய்வது என்று திங்கட்கிழமை முடிவாகிறது. மூன்று மணித் தபாலில் கடிதம் போகாவிட்டால் பட்டியலில் பரளச்சி இருக்காது. பயிற்சியில் அவள் இருப்பதும் சந்தேகம்தான்.

"போன வருஷம் குதிரைவாலி ஏக்கருக்கு எத்தனை மூட்டைய்யா?"

"எங்கம்மா வெளஞ்சுச்சு? ஒண்ணரைன்னு போடுங்க" என்றார் மாரிச்சாமி.

"ஒண்ணரை எதுக்கு? ஒண்ணேகால்னு போடு தாயி" என்றாள் ஒச்சம்மாள்.

சுகந்திக்கு விஷயம் புரிந்தது. "இது வறட்சி நிவாரணத்துக்கு இல்லய்யா. நெறைய வெளையிற ஊருல அரசாங்கமே வாங்கப் போகுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப பதினாலு" என்றார் மாரிச்சாமி.

"எனக்குப் பதினாறு" என்றார் வெள்ளத்துரை.

"ஏண்ணே, ஒங்க காடும் என் காடும் ஒரே வரப்புதான? எனக்குப் பதினேழு" என்றாள் ஒச்சம்மாள்.

சுகந்தி பெருக்கிப் பார்த்தாள். விருதுநகர் மாவட்டத்துக்கே பரளச்சி சோறு போட்டுவிடும் போலிருந்தது. வெள்ளை மை தடவி அழித்தாள். "அதிகமா எழுதினா, 'சொன்ன மூட்டை எங்கே'ன்னு நாளைக்கு அதிகாரி வந்து கேப்பாரு."

"அதிகாரி வருவாரா?" மாரிச்சாமி நிமிர்ந்தார். "பன்னி தின்னது போக மூணு."

"மயில் தின்னத விட்டுட்டீகளே? ரெண்டு" என்றார் வெள்ளத்துரை.

மறுபடி வெள்ளை மை. தாள் அந்த இடத்தில் அப்பளம்போல் விறைத்துக்கொண்டது. மணி ஒன்று.

"இதனால ஒங்களுக்கு ஒண்ணும் வராது, ஒங்ககிட்ட இருந்து ஒண்ணும் போகாது. சும்மா சொல்லுங்களேன்!"

"சும்மா சொல்லவா களையெடுப்ப விட்டுட்டு வந்தேன்?" ஒச்சம்மாள் எழுந்து ஆட்டை அவிழ்க்கப் போனாள்.

சுகந்தி தாளை நாலாகக் கிழித்தாள். "பொய்க் கணக்க அனுப்ப மாட்டேன். அத நம்பி எங்கேயோ ஒரு ரேஷன் கடையில சனம் வரிசையில நின்னு வெறும் பையோட திரும்பணும். என்னைப் பயிற்சிய விட்டு அனுப்பினா அனுப்பட்டும்."

ஒச்சம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"புரட்டாசி பதினொண்ணுல ஒரு மழை. ஈரம் நாலு வெரக்கடை எறங்குச்சு. பெறகு இருபத்திரண்டு நாளு சொட்டுத் தண்ணி இல்ல. கெழக்க கரிசல்ல ஆறு மூட்டை. மேக்க செவல்ல மூணு. ஓடையோரம் உவரு, ரெண்டு தேறுனதே பெருசு."

"அதுக்கு முந்துன வருஷம் கரிசல்ல ஏழு" என்று வெள்ளத்துரை தொடர்ந்தார். வருடம் வருடமாகப் பன்னிரண்டு வருடம் பின்னால் போனார். எந்த வருடத்துக்கும் அவர் யோசிக்கவில்லை. எந்த மழை எத்தனை நாள் பிந்தியது, அரசு விதை டிப்போவுக்கு விதை வர எத்தனை நாள் பிந்தியது, அதனால் எத்தனை மூட்டை குறைந்தது என்பது வரை வந்தது. விளைந்ததில் ஒரு வீடு மாசத்துக்கு எவ்வளவு தின்னும், எவ்வளவு விற்கும் என்று மாரிச்சாமி வீதி வீதியாகச் சொன்னார்.

புதுத் தாளில் சுகந்தியின் பேனா ஓடியது. அவளுடைய செயற்கைக்கோள் படம் இந்த நிலம் முழுவதையும் ஒரே பழுப்பாகக் காட்டியிருந்தது. அந்தப் பழுப்பை மூன்று பேர் கையில் ஒரு துண்டுச்சீட்டும் இல்லாமல் மண் மண்ணாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் கணினியில் தேடியும் கிடைக்காத கணக்கு, களையெடுக்கிற கைவிரலில் எண்ணிக் கொட்டப்பட்டது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கட்டத்தில் எழுதுவதை மறந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதும்மா, மணியாகுது" என்று ஒச்சம்மாள்தான் அதட்டினாள்.

ஒரு பக்கம் நிறைந்தது. மூவரும் கையெழுத்திட்டார்கள்.

தபால் நிலையத்துக்குள் சுகந்தி ஓடி நுழைந்தபோது மூன்றாக ஐந்து நிமிடம். எழுத்தர் கோகிலாம்பாள் உறையை ஒட்டி, முத்திரை குத்தி, அனுப்புநர் முகவரியில் மாரிச்சாமி, ஒச்சம்மாள், வெள்ளத்துரை என்ற பெயர்களைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மூணு பேரும் உண்மையச் சொல்லிட்டாகளா?"

"கடைசியில சொல்ல வச்சுட்டேங்க" என்றாள் சுகந்தி, கொஞ்சம் பெருமையாகவே.

கோகிலாம்பாள் உறையைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, வாசலில் நின்ற வண்டிக்குக் கொடுத்தனுப்பினார்.

"ஒங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு விஞ்ஞானிகளும் மொதக் கணக்கையே எழுதிக்கிட்டுப் போயிட்டாகம்மா. அதான், 'நாங்க பொய் சொன்னா எழுதாத ஆளாப் பாத்து அனுப்புங்க'ன்னு ஒங்க ஆபீசுக்கு அவுக மூணு பேரும் சொல்லச் சொல்ல, நான்தான் கடுதாசி எழுதிக் குடுத்தேன்."