நிலைக்கு வராத தேர்

ஒப்பிட்டான் என்று ஓர் இனம் உண்டு. பார்வைக்குப் படித்த மனிதரைப் போலவே இருக்கும். கண்ணாடி, கம்பளிச் சட்டை, சட்டையில் நேற்றைய தக்காளிக் கறை. எங்கும் தேட வேண்டாம். எங்கள் பல்கலைக்கழகத்தில், இயற்பியல் கட்டடத்தின் அடித்தளத்தில், முப்பத்தொரு வருஷமாக நான் நடத்தும் சூப் கடைக்கு வாருங்கள். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒரே ஓர் அண்டாவோடு ஆரம்பித்தவன், இன்று நாலு அடுப்பு, ஆறு பேர் வேலை. முந்நூறு பேருக்கான சூப்பைக் கிளறி ஒரு கரண்டி வாயில் விட்டால் எனக்கு உப்பு தெரிந்துவிடும். ஒப்பிட்டானுக்கு அது போதாது. மூன்று கரண்டி வேண்டும். அப்புறம் எந்தக் கரண்டி நல்ல கரண்டி என்று இரண்டு வருஷம் ஆராய வேண்டும். சூப்பா? அதை யார் கேட்டார்கள்?

எங்கள் ஒப்பிட்டான், பேராசிரியர் லைல் ஹாஸ்கின். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எத்தனை பங்கு என்பது அவர் கேள்வி. எல்லா எண்ணையும் சோதிக்க ஆயுள் போதாது என்பதால், கணினிக்குள் கற்பனையாக ஒருவனை மூடுபனி மலையில் அலைய விடுவார்கள். எண் பொருந்தப் பொருந்த மலை உயரும். அவன் எங்கே அதிகம் சுற்றுகிறானோ அங்கே விடை. தொடக்கத்தில் அவன் தடுமாறிய பகுதியை மட்டும் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுவார்கள். அதே மலையில் ஐநூறு புள்ளியைத் தூவி, மட்டமானதைக் களைந்துகொண்டே போவது இன்னொரு முறை. இரண்டும் ஒத்துப்போனால் நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம். ஒப்பிட்டானோ துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல உட்கார்ந்திருப்பார். ஒத்துப்போகாவிட்டால்தான் அவருக்குக் கல்யாணம்.

போன வருஷம் ஒத்துப்போகவில்லை. பதினாலு மாதக் கல்யாணம்.

அவரிடம் தற்காலிகமாக ஆராய்ச்சி வேலை பார்த்த டெஸ்ஸா விக்குக்கு மே மாதத்தோடு பதவி முடிகிறது. ஹாலிஃபாக்ஸில் நிரந்தர வேலை ஒன்று காத்திருந்தது. கட்டுரை மார்ச் முதல் தேதிக்குள் வெளிவந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுரை தயார். லைல் சரி என்று சொன்னால் போதும்.

"லைல், இன்னிக்காவது அனுப்பலாமா?"

"நடக்கறவன் இன்னும் நிலைக்கு வரலைம்மா."

"நாலு லட்சம் அடி நடந்துட்டான். காலே தேஞ்சிருக்கும்."

"மூணாவதா ஒரு முறையும் போட்டுப் பாத்துடுவோமே. பந்தை உருட்டி விடற மாதிரி ஒண்ணு இருக்கு."

"என்னைத்தான் உருட்டி விட்டுட்டீங்களே."

தேர் நிலைக்கு வர வேண்டுமென்றால் வடம் பிடிக்க வேண்டும். இவர் சக்கரத்தின் அடியில் கட்டையைப் போட்டுவிட்டு, எந்தக் கட்டை உசத்தி என்று பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்துவிட்டுப் பிரிந்துபோன மனைவியைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அது ஆரம்பத் தடுமாற்றம், முதலாளி. கணக்குல சேராது" என்றார், ரொட்டியைச் சூப்பில் தொட்டுக்கொண்டே.

மார்ச் போயிற்று. ஹாலிஃபாக்ஸ் வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஏப்ரலில் ஒரு மத்தியானம் என் கடையில் டெஸ்ஸா சோளரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கைப்பட அமைத்து, யாரையும் தொட விடாத புள்ளி முறையைக் கடைசியில் திறந்து பார்த்துவிட்டாள். எந்த முறையானாலும், இந்த எண்ணிலிருந்து அந்த எண்வரை மட்டும் தேடு என்று முதலில் வேலி போட வேண்டுமாம்.

"நடக்கறவனுக்கு நான் போட்ட வேலி இது. புள்ளிக்கு நீங்க போட்டது இது. பாதி அகலம்கூட இல்ல. மலை உச்சியே வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு, லைல்."

பதினாலு மாதமாக இவர் ஒப்பிட்டது இரண்டு முறைகளை அல்ல. இரண்டு வேலிகளை.

நான் கரண்டியை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். படிக்காதவன் புத்தி.

"அருமை, டெஸ்ஸா" என்றார். முகத்தில் அப்படியோர் ஒளி. "வேலிகளை ஒப்பிட்டே ஒரு கட்டுரை எழுதிடலாம்."

"பதினாலு மாசம்" என்றாள் அவள். "இதுவும் கணக்குல சேராது, இல்ல?"

சூப்பைத் தொடாமலே எழுந்து போனாள். மே மாதம் ஊரைவிட்டே போனாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மூன்று ஜோசியரிடம் பொருத்தம் பார்த்து, மூவரும் பேஷ் என்றதும், 'மூணு பேரும் ஒண்ணே சொல்றாங்களே' என்று சந்தேகப்பட்டு நாலாவது ஆளைத் தேடிப் போனவர் நீங்கள் இல்லையே? இல்லையென்றால் சரி. ஆனால் இந்தக் கடைக்காரன் எழுதியதை எதற்கும் இன்னொரு தடவை, முதல் பாராவைத் தள்ளிவிட்டுப் படித்துப் பார்ப்போமே என்று இப்போது தோன்றுகிறதா? தட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். லைலுக்கு எதிர் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.